கால் வெட்டின வண்டி

டெல்ஃபினோ மேஸ்டாஸின் பிக்கப் வண்டிக்கு அடியில் ஒரு பூனை நுழைந்தால் அதற்கு முதுகு சிராய்த்துவிடும். எஸ்பன்யோலா பள்ளத்தாக்கில் வண்டியைத் தரையோடு இறக்கி வைத்துக்கொள்வது ஒன்றும் அதிசயமில்லை, தெருவுக்கு நாலு பேர் உண்டு. ஆனால் அவர்களெல்லாம் விவரமானவர்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் காற்றுப் பை வைத்து, ஒரு பொத்தானை அமுக்கினால் வண்டி எழுந்திருக்கும், இன்னொன்றை அமுக்கினால் உட்காரும் என்று ஏற்பாடு செய்துகொண்டவர்கள். டெல்ஃபினோவுக்கு அது ஆகாது.

"பொத்தான அமுக்கி எந்திரிச்சு உக்கார்றதுக்கு அது என்ன வண்டியா, ஆஸ்பத்திரிக் கட்டிலா? இறக்குனா இறக்குனதுதான்" என்பான்.

முன்னால் ஸ்பிரிங்கை வெட்டினான். பின்னால் ஆக்சிலை எடுத்துப் ஸ்பிரிங் பட்டைகளுக்கு மேலே மாட்டினான். அவ்வளவுதான், இனி ஏறாது. அந்த வீம்புக்கு அவனுக்குத் தினம் ஒரு தண்டனை. கடைவாசல் வேகத்தடையை நேராகத் தாண்ட முடியாது, நண்டு மாதிரி சாய்த்துச் சாய்த்து ஏற வேண்டும், பின்னால் நிற்கிறவன் ஹாரனை அலறவிடுவான். பனி பெய்தால் வண்டி வீட்டில். மழை பெய்தாலும் வீட்டில். ஊரெல்லாம் மலைக்குப் போய்க் குளிர்காலத்துக்கு விறகு கொண்டுவரும்போது, சொந்தமாகப் பிக்கப் வைத்திருக்கிற இவன் தம்பியிடம் போய்ப் பல்லை இளித்து நிற்க வேண்டும். அட, சாமான் ஏற்ற முடியாத பிக்கப் எதற்கய்யா?

இதைத்தான் ஊரே கேட்டது. ஏன் இறக்கினாய்? அவன் ஆளுக்கொரு பதில் சொன்னான். மடக்கி நிறுத்திய போலீஸ்காரரிடம், "ஸ்பிரிங் தானா ஒடஞ்சு போச்சு சார்." வளைவில் வண்டி சாயாது என்று கடைத்தெருவில். கல்யாணமான புதிதில் மனைவி பெர்லிண்டா கேட்டபோது, "நீ ஏறி எறங்க லேசா இருக்கும்னுதான்" என்று குழைந்தான்.

"நான் குட்டைன்னு சொல்ற. அதுக்கு ஒரு முக்காலி வாங்கிப் போட்டிருந்தா ஆயிருக்குமே" என்றாள் அவள். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வதில் டெல்ஃபினோவை மிஞ்ச ஆள் கிடையாது.

உண்மைக் காரணத்தை அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை. வாரம் முழுக்க சாந்தா ஃபேயில் பணக்காரர் வீட்டுச் சுவர்களுக்கு மண் பூசுகிறவன் அவன். வீட்டுக்காரர்கள் சுவரைத் தடவிப் பார்ப்பார்கள், ஓரத்தைப் பார்ப்பார்கள், பூசினவன் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரச் சாலையில் அந்தத் தாழ்ந்த வண்டியை உருட்டிக்கொண்டு போனால் கதை வேறு. தாழ்ந்த வண்டியில் வேகமாகப் போக முடியாது. மெதுவாகப் போகிறவனை நடைபாதையில் நிற்கிறவன் குனிந்து பார்த்துத்தான் ஆக வேண்டும், கண்ணுக்கு நேர் கண். கையைத் தூக்குவான், பெயர் சொல்லிக் கூப்பிடுவான். நாற்பத்தைந்து வயது ஆள் இதை வெளியே எப்படிச் சொல்வது? சிரிப்பார்கள் என்று பயந்து மென்று விழுங்கிக்கொண்டான்.

ஊர் கேட்டது போகட்டும். அப்பா பெலார்மினோ கேட்டதுதான் இருபது வருஷமாக அவன் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. ஏனென்றால் அந்த வண்டி அவருடையது. புதிதாக வாங்கி, குதிரைத்தீவனம் ஏற்றி, மலை விறகு ஏற்றி, கண்ணும் கருத்துமாக வைத்திருந்து, மூத்தவன் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்தார். மாதம் ஒன்று ஆகவில்லை, அவன் அதைத் தரையில் படுக்கவைத்து ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். பாராட்டுவார் என்றே நினைத்து வந்தான், பாவம்.

"வைக்கப்போர் ஏத்துன வண்டிடா இது! நல்லா நின்ன குதிரைக்குக் கால வெட்டிட்டு வந்து நிக்கிறியே, பாவி!" என்றார் அவர். "சொல்லி வைக்கிறேன், என் பொணங்கூட இந்தப் பல்லியில ஏறாது."

அன்றிலிருந்து அந்த வண்டி பல்லி. அப்பா வீட்டுக்குப் பின்னாலேயே டெல்ஃபினோவும் பெர்லிண்டாவும் குடியிருந்தார்கள், ஒரே வளாகம், ஒரே வாசல். தினமும் காலையில் வண்டியைக் கிளப்பும்போது ஜன்னலிலிருந்து குரல் வரும்: "பல்லி கெளம்பிருச்சு, நத்தையெல்லாம் ஒதுங்குங்க!" அவர் ஏற வேண்டிய வேலை வந்தால் இளைய மகன் அர்செனியோவுக்குப் போன் போடுவார். அர்செனியோ நேர் எதிர். அவன் வண்டியை ஏற்றோ ஏற்றென்று ஏற்றி, டிராக்டர் சக்கரம் போலச் சக்கரம் மாட்டி வைத்திருந்தான். "ஒருத்தன் கால வெட்டுனான், ஒருத்தன் பொய்க்கால் கட்டுனான். எனக்குன்னு வந்து வாச்சிருக்கு பாரு" என்று அலுத்துக்கொண்டாலும், அதில்தான் ஏறிப் போவார்.

அந்த டிசம்பரில் கிழவர் வாய்க்கால் தலைமதகைப் பார்க்கப் போய் உறைபனியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு முறிந்தது. கம்பி வைத்துத் தைத்து, கையில் நடைச்சட்டம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்குள்ளே நடப்பார், வாசல்வரை வருவார். காலை ஒரு சாணுக்குமேல் தூக்க முடியாது.

ஆனால் மணியம் போகவில்லையே! எங்கள் வாய்க்காலுக்கு அவர்தான் மணியகாரர். யாருக்கு எந்தக் கிழமை தண்ணீர், எங்கே அடைப்பு, எங்கே உடைப்பு என்று எல்லாம் அவர் சொன்னபடிதான். மார்ச் மாதம் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலைத் தூர் வாரினபோது, கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்துகொண்டே ஊரை வேலை வாங்கினார். தன் வீட்டு வாசலுக்கு வரும் பாதை வாய்க்காலைத் தாண்டுகிற இடத்தில், "பழைய குழாய எடுத்துட்டுப் பெருசாப் போடுங்க. மேல நல்லா மண்ணக் கொட்டுங்க" என்றார். கொட்டினார்கள். ஆட்டுக்குட்டி ஏறி நின்று ஊரைப் பார்க்கிற அளவுக்கு மேடாகிவிட்டது.

டெல்ஃபினோ மண்வெட்டியை நிறுத்தினான். "அப்பா, இம்புட்டு மேடு எதுக்கு?"

"தண்ணி வரணும்ல."

"பழைய குழாயிலயே பாதிக்குத்தானே வருது!"

"மணியம் நீயா, நானா?"

அன்றிலிருந்து பல்லியால் வாசலுக்குள் வர முடியவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ரோட்டோரம் நின்றது. மாவு மூட்டை, எரிவாயு உருளை, பெர்லிண்டா வாங்குகிற தண்ணீர்ப் பெட்டி எல்லாம் டெல்ஃபினோவின் தோளில் வந்தன. அப்பா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அந்த மௌனத்துக்குப் பல்லி கில்லி என்று திட்டினதே தேவலை என்று இவனுக்குத் தோன்றும்.

இப்படி இருக்கையில் பெரிய வெள்ளி வந்தது.

பெலார்மினோ வாலிபத்தில் போர்முனைக்குப் போனவர். உயிரோடு வீடு திரும்பினால் பெரிய வெள்ளிதோறும் சிமாயோ கோவிலுக்கு நடந்தே வருகிறேன் என்று அங்கே குண்டு விழுந்த பள்ளத்தில் கிடந்தபடி நேர்ந்துகொண்டவர். திரும்பினார். அன்று தொட்டு ஒரு வருஷம் தவறினதில்லை, காய்ச்சலோடும் நடந்தார், மனைவி இறந்த மாதத்திலும் நடந்தார். இந்த வருஷம் நடை இல்லை என்று டாக்டர் சொன்னபோது, "நடக்கலைன்னாலும் அங்க போயி முகத்தக் காட்டிட்டு வரணும். நான் குடுத்த வாக்கு" என்று மட்டும் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் குரல் உடைந்ததை டெல்ஃபினோ முதல் தடவையாகக் கேட்டான்.

காலையிலேயே அர்செனியோ தன் உயர்ந்த வண்டியோடு வந்துவிட்டான். மேடு அதற்கு ஒரு பொருட்டா, ஏறி இறங்கி வாசலில் நின்றது. கிழவர் வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, நடைச்சட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்தார். வண்டியின் படி அவர் நெஞ்சுக்கு வந்தது. பெர்லிண்டா ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள். கால் பெட்டியைத் தொட்டது, அதற்குமேல் போகவில்லை.

"பிடிடா அண்ணா, தூக்கிருவோம்" என்றான் அர்செனியோ.

இரண்டு பேரும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். கிழவர் வலியில் கத்தினார். தொப்பி மண்ணில் விழுந்தது. சட்டை மேலே ஏறி, தைத்த தழும்பு மருமகள் எதிரில் தெரிந்தது.

"எறக்குங்கடா! நான் என்ன உருளக்கெழங்கு மூட்டையா? எறக்குங்க!"

இறக்கினார்கள். அவர் தொப்பியைக்கூட எடுக்கவில்லை, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே நாற்காலி கிரீச்சிட்ட சத்தம் கேட்டது.

பெர்லிண்டா தொப்பியை எடுத்துத் தட்டினாள். "ரோட்டுல ஒன்னு படுத்துக் கெடக்குதே, அது எதுக்காம்? அழகு பாக்கவா?"

"அதுல அவரு ஏற மாட்டாரு. உனக்குத் தெரியாதா?"

"கேட்டுப் பாத்தியா?"

"இருபது வருஷமா பேச்சு வாங்குனது பத்தாதா? இன்னிக்கும் போயி நான் வாங்கணுமா? பொணங்கூட ஏறாதுன்னாரு பெர்லிண்டா, பொணங்கூட!"

"அதான் உசுரோட இருக்காருல்ல. போயி கொண்டா."

டெல்ஃபினோ வைதுகொண்டே போனான். சாரத்துக்குப் போடுகிற பலகைகள் இரண்டை மேட்டில் சரித்து வைத்து, வண்டியைச் சாய்த்து, அடிவயிறு கிரீச் கிரீச்சென்று அலற உள்ளே கொண்டுவந்து, வாசற்படிக்கு ஒட்டினாற்போல் நிறுத்தினான். அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவைத்தான். கூப்பிடவில்லை. ஹாரனை ஒரு தடவை அடித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தான். காது மட்டும் கதவில் இருந்தது.

வெகு நேரம் ஆயிற்று. கதவு திறந்தது. நடைச்சட்டம் தட்டிக்கொண்டு வந்தது, நின்றது. கிழவர் வண்டியைப் பார்த்தார். இருக்கை சமையலறை நாற்காலி உயரத்தில் இருந்தது. திரும்பி நின்றார், பின்னால் கை ஊன்றினார், உட்கார்ந்தார். ஒரு காலை உள்ளே வைத்தார், இன்னொரு காலை உள்ளே வைத்தார். ஒருவரும் தொடவில்லை. பெர்லிண்டா நீட்டின தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். அர்செனியோ வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"என்னடா நாத்தம் இது? வண்டிக்குள்ள சென்ட் அடிப்பானா எவனாவது?" என்றார் அப்பா. "கதவச் சாத்து."

அப்பாடா என்று டெல்ஃபினோ மூச்சுவிட்டான். விட்டிருக்கக் கூடாது. நடந்து வருகிறவர்களுக்குக் கொடுக்க பெர்லிண்டா தண்ணீர்ப் பெட்டிகளையும், முளைகட்டின கோதுமையில் கிண்டின பனோச்சா சட்டியையும் பின்னால் ஏற்றியிருந்தாள். போதாததற்கு அப்பாவின் பாரம். முன்சக்கரம் மேட்டைத் தாண்டியது, வண்டி மளுக்கென்று நின்றது. வயிறு மேட்டில் உட்கார்ந்துகொள்ள, பின்சக்கரம் மண்ணை வாரி வீசிச் சும்மா சுழன்றது.

அர்செனியோ சிரிப்பை அடக்க முடியாமல், "சங்கிலி இருக்குண்ணா, கட்டி இழுத்துரவா?" என்றான்.

"சங்கிலியத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்!"

பெட்டிகளை இறக்கித் தம்பி வண்டியில் எறிந்தான். சட்டியை இறக்கினான். மறுபடி கிளப்பினான். ஒரு விரற்கடை, ஒரே ஒரு விரற்கடை, அதில் தொக்கிக்கொண்டு நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ரோட்டில் நடக்கிற கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. அப்பா சாமி சிலை மாதிரி முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டெல்ஃபினோவுக்கு இருபது வருஷத்து ஆத்திரமும் தலைக்கு ஏறியது. ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு குத்துவிட்டான்.

"இது தண்ணிக்குப் போட்ட மேடா? சொல்லுங்கப்பா! எனக்குன்னு போட்ட மேடுதானே இது? இப்ப யாரு மாட்டிக்கிட்டு நிக்கிறது, பாருங்க! நான் மட்டுமா நிக்கிறேன்?"

கிழவர் குனிந்து மேட்டைப் பார்த்தார். "கதவத் தொற" என்றார்.

"எதுக்கு?"

"பெட்டிய எறக்குனல்ல. இன்னும் ஒரு மூட்ட பாக்கி இருக்கு. தொற."

"விழுந்துருவீங்க! மறுபடி ஒடஞ்சா என்ன செய்யிறது? பேசாம உக்காருங்க!"

அவரே திறந்துகொண்டார். காலை வெளியே வைத்தார், தரை அங்கேயே இருந்தது. பெர்லிண்டா ஓடிவந்து நடைச்சட்டத்தைக் கொடுத்தாள். அவர் எழுந்து, தான் கொட்டச் சொன்ன மேட்டின்மேல் அடி அடியாக நடந்தார். உதட்டில் ஜெபம் ஓடியது. நெற்றியில் வியர்வை. பக்கத்தில் கைகளை விரித்துக்கொண்டு அர்செனியோ நடந்தான், தொடவில்லை. ரோட்டில் நின்ற கூட்டத்தில் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். டெல்ஃபினோ வண்டியை ஓட்ட மறந்துபோனான்.

இறக்கத்தின் அடியில் நின்று கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். "இந்த வருசத்து நட ஆச்சு" என்றார். பிறகு திரும்பி, "வண்டியக் கெளப்பிட்டு வாடா! இன்னும் என்ன வேடிக்க?" என்று கத்தினார்.

பாரம் இறங்கின வண்டி ஒரு அலறலோடு விடுபட்டது. சைலன்சர் கழன்று தொங்கியது. டெல்ஃபினோ அடியில் படுத்துக் கம்பியால் கட்டினான். அப்பா மறுபடி திரும்பி நின்று, கை ஊன்றி, தானே உட்கார்ந்தார்.

சிமாயோ ரோட்டில் அன்றைக்கு யாரும் வேகமாகப் போக முடியாது. இரண்டு ஓரமும் நடக்கிற ஜனம், சிலுவை சுமக்கிறவர்கள், பிள்ளையைத் தோளில் வைத்தவர்கள். அர்செனியோவும் பெர்லிண்டாவும் முன்னால் உயரத்தில் போனார்கள், அவர்களை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பல்லியின் ஜன்னல் நடக்கிறவர்களின் இடுப்பு உயரத்தில் ஊர்ந்தது. ஆள் ஆளாகக் குனிந்து உள்ளே பார்த்தார்கள். "பெலார்மினோ! எப்பிடி இருக்க?" "மணியகாரரே, இடுப்பு எப்பிடி?" ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். ஒருத்தி ஆரஞ்சுப் பழம் கொடுத்தாள். கிழவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்ததை டெல்ஃபினோ ஓரக்கண்ணால் பார்த்தான். அந்த மலர்ச்சி அவனுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடியில் தன் முகத்தில் பார்த்தது அது.

அப்பாவின் சித்தப்பா மகள் வியோலா கைத்தடியோடு வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். "அட, நீயா இதுல? அதிசயந்தான்! ஆமா, எதுக்கு இவன் வண்டிய இப்பிடித் தரையோட தரையா எறக்கி வச்சிருக்கான்?"

"எனக்காகத்தான்" என்றார் பெலார்மினோ. "நான்தான் எறக்கச் சொன்னேன். வயசாகும், முட்டி போகும்னு அப்பவே எனக்குத் தெரியாதா?"

டெல்ஃபினோ சட்டென்று அப்பா பக்கம் திரும்பினான். வியோலா "புத்திசாலிதான் நீ" என்று சொல்லிவிட்டுப் பின்தங்கினாள்.

"நீங்க சொன்னீங்களா? நீங்களா?"

"பெரிய வெள்ளியும் அதுவுமா சண்டை வளக்காத. ரோட்டப் பாத்து ஓட்டு."

"கால வெட்டின பாவின்னு சொன்ன வாயி எங்கப்பா போச்சு? இருபது வருசம்! ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நல்லாருக்குன்னு சொல்லியிருக்கீங்களா? அந்த மேட்ட எதுக்குப் போட்டீங்க, அதயாவது உண்மையச் சொல்லுங்க!"

கிழவர் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். "உள்ள வந்து நின்னா தெனம் நான் பாக்கணும். நான் குடுத்தது உனக்குப் பத்தலன்னுதானே வெட்டுனன்னு நெனப்பு வரும். அதான்." ஒரு சுளையை மகனிடம் நீட்டினார். "மேட்ட நாளைக்கு வெட்டி எறக்கிரு. பழைய குழாயே போதும். தண்ணி பாதிக்குத்தான் வருது."

டெல்ஃபினோ சுளையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. பத்தாமல் வெட்டவில்லை, இப்படி ஒருவர் குனிந்து பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றுதான் வெட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாமல் இன்னொரு சுளைக்குக் கையை நீட்டினான்.

கோவில் திருப்பத்தில் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஒரு ஆள் கை காட்டி நிறுத்தினான். குனிந்து பார்த்துச் சிரித்தான். "ஜம்முனு இருக்கே வண்டி! எதுக்குண்ணே இம்புட்டு எறக்கியிருக்கீங்க?"

பெலார்மினோ வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார், மகனைப் பார்த்தார்.

டெல்ஃபினோ பல்லைக் கடித்தான். ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "அப்பாதான் எறக்கச் சொன்னாரு" என்றான்.

அப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் நன்றாக நகர்ந்து உட்கார்ந்தார். "மெதுவாப் போடா" என்றார்.